ஏழு நிமிடம் முந்திய கடிகாரம்

வெள்ளை முகப்பு, நீல முட்கள், ஓரத்தைச் சுற்றிப் பொடியாய்ச் சிவப்பு எண்கள். வாணியம்பாடி பாய் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, போளூரில் இருக்கும் என் மருந்துக்கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அவருடையது தோல் வியாபாரக் குடும்பம். கைக்கடிகாரங்களுக்குத் தோல் பட்டை தைத்து விற்பதில் இப்போது அவருக்கு நல்ல பெயர். "இன்னாண்ணே, இந்த வருஷம் எல்லாரும் இதுக்குத்தான் அடிச்சிக்கிறாங்க. டாக்டர் வாட்ச். நாடி புடிச்சி பதினஞ்சு துடிப்பு எண்ணுங்க. முள்ளு நிக்கிற எடத்துல நிமிஷத்துக்கு எத்தினின்னு அதுவே சொல்லிடும்" என்றார். சொன்னதோடு நில்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியும் காட்டினார். முள் நூற்றுப் பன்னிரண்டில் போய் நின்றது. பாய் என் முகத்தைப் பார்த்தார். இப்போதுதான் ஏணியில் ஏறி மேல் அலமாரியிலிருந்து மருந்து எடுத்தேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கடைக்கு ஏணியே கிடையாது என்பது பாய்க்கும் தெரியும். போன வாரம் நடந்தது இது.

வேலூர், வாணியம்பாடி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கடிகாரப் பைத்தியங்கள் நாங்கள் ஐம்பது பேர் ஒரு குழுவாக இருக்கிறோம். பைத்தியம் என்பது எங்கள் வீடுகளில் வைத்த பெயர், எங்களுக்கு அதில் வருத்தமில்லை. ஒவ்வொரு வருடக் கடைசியிலும், அந்த வருடம் கடிகார உலகம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஒரு கட்டுரை எழுதுவது என் பொறுப்பு. இந்த வருடம் எழுத நிறையவே இருக்கிறது. தோசைக்கல் அளவுக்குப் பெருத்திருந்த முகப்புகள் எல்லாம் சுருங்கி, எங்கள் அப்பாக்கள் கட்டிய அளவுக்கு வந்துவிட்டன. பேட்டரியை வெறுத்து, தினமும் காலையில் தானே சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தைத் தேடி வாங்குகிறார்கள். வெயிலில் பழுத்து டீக்கறை நிறத்துக்கு வந்த பழைய முகப்புக்குப் புதியதைவிட மவுசு. பாய் கொண்டுவந்த மருத்துவர் கடிகாரம் இன்னொன்று. இவற்றையெல்லாம் மிஞ்சும் ஒன்றும் உண்டு. ஆசைப்பட்டு வாங்கிய கடிகாரத்தில் நேரமே வைக்காமல் கட்டிக்கொண்டு போகிறார்கள். மணி பத்து என்றால் கையில் இரண்டே கால் காட்டுகிறது. கேட்டால், நேரம் பார்க்கத்தான் செல்போன் இருக்கிறதே, இது அழகுக்கு என்கிறார்கள். அந்த இடம் வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. கையில் தப்பான நேரம் கட்டிக்கொண்டு திரிவது சிரிப்புக்குரிய விஷயம் என்று போன வருடம் வரை நானும் நினைத்திருந்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. காரணம் சிஸ்டர்.

இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து சில மைல் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுப்பவனாக வேலை பார்த்தேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் அந்தக் கட்டடத்துக்குச் சிஸ்டர்தான் எல்லாம். ஆலங்காயத்துக்காரர், அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அதட்டல் அதிகம், சிரிப்பு குறைவு. ஆனால் பிரசவ வலியில் அலறும் பெண்ணின் காதருகில் குனிந்து அவர் ஏதோ சொன்னால் அலறல் அடங்கிவிடும். என்ன சொல்வார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. திங்களிலிருந்து சனி மதியம் வரை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்சில் தங்குவார். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் ஆலங்காயம் இறங்குவார்.

அவர் கையில் சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்று இருந்தது. ஆண்கள் கட்டும் கடிகாரம், ஆனால் சின்னது. விநாடி முள் மட்டும் சிவப்பு. நாடி பிடிக்கத் தோதாக முகப்பை மணிக்கட்டின் உள்பக்கம் வரும்படி கட்டியிருப்பார். இன்றைக்கு எங்கள் குழுவில் யாராவது பார்த்தால் அதன் பின்னாலேயே ஆலங்காயம் வரை நடந்து போவார்கள். அந்தக் கடிகாரத்தை அவர் ஏழு நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். சனிக்கிழமை பஸ்ஸை விட்டால் திங்கள் வரை வீட்டைப் பார்க்க முடியாது, அந்தப் பயம்தான். வேகமாகக் கடிகாரம் வைப்பவர்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், அதில் அதிசயம் இல்லை. அதிசயம் என்னிடம்தான் இருந்தது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ரேடியோவில் செய்திக்கு முன் வரும் பீப் ஒலிக்குத் தினமும் என் கடிகாரத்தைச் சரிசெய்வேன். ஒரு விநாடி தப்பினாலும் சோறு இறங்காது. பக்கத்து மேசையில் ஒரு கடிகாரம் நாள் முழுக்க ஏழு நிமிடம் பொய் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குச் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்தியது.

மலையில் பனி இறங்கியிருந்த ஒரு புதன்கிழமை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே இரண்டடி தூரத்துப் பலாமரம்கூடத் தெரியவில்லை. சிஸ்டர் கை கழுவுவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். சாவி கொடுக்கும் திருகை இழுத்து, முள்ளை ஏழு நிமிடம் பின்னால் தள்ளி, என் கடிகாரத்தோடு ஒட்டவைத்து, அதே இடத்தில் வைத்தேன். சிஸ்டர் வந்து ஒன்றும் கவனிக்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டார். எனக்குப் பெரிய நிம்மதி. உலகத்தில் ஒரு தப்பு குறைந்தது என்று அன்று நன்றாகச் சாப்பிட்டதாக நினைவு.

சனிக்கிழமை மதியம் சிஸ்டர் பையோடு கிளம்பினார். அரை மணியில் திரும்பி வந்தார். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாகப் பஸ்ஸை விட்டுவிட்டார். வாசலில் நின்றபடியே கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம் காட்டின. அவர் கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. நேராகப் போய்ப் பிரசவப் பதிவேட்டை எடுத்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னிக்குத் திருப்புன?" என்று கேட்டார். யார் திருப்பியது என்று கேட்கவே இல்லை.

"புதன்கிழமை, சிஸ்டர்."

"காலையிலயா, சாப்பாட்டுக்கு அப்புறமா?"

"காலைலதான்."

"நல்லா யோசிச்சி சொல்லுபா."

"எனக்கு நல்லா தெரியும். பஸ் போனதுக்கு மன்னிச்சிக்கோங்க சிஸ்டர். ஏழு நிமிஷம்தானே..."

"பஸ் கெடக்குது. இன்னா பண்ணி வச்சிருக்கேன்னு தெரியுதா உனக்கு?" என்று பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடிகாரம் ஏழு நிமிடம் முந்துகிறது என்று தெரிந்ததால், குழந்தை பிறந்த நேரத்தை எழுதும்போதெல்லாம் சிஸ்டர் மனத்துக்குள் ஏழு நிமிடத்தைக் கழித்து எழுதுவார். அந்த ஆஸ்பத்திரியில் சுவர்க் கடிகாரம் செத்துப்போய் வருடங்கள் ஆகியிருந்தன, அவர் எழுதியதுதான் நேரம். நான் சரிசெய்து வைத்த கடிகாரத்திலும் அவர் ஏழைக் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். புதன் முற்பகல் பதினொன்று முப்பத்திரண்டுக்கு ஒரு பெண் குழந்தை, வியாழன் ஓர் ஆண், வெள்ளி ஓர் ஆண். மூன்றுக்கும் நேரம் எழுதிச் சீட்டுக் கொடுத்தாயிற்று. சீட்டு ஜாதகக்காரர் கைக்கும் போயிருக்கும். அடித்து எழுதலாமே என்றேன். "மூணு வூட்லயும் போய் இன்னான்னு சொல்றது? எம்மேல இருக்கற நம்பிக்கையில தான் இந்த மலையில பொம்பளைங்க இங்க வர்றாங்க" என்றார். பிறகு திருகை இழுத்து முள்ளை மறுபடி ஏழு நிமிடம் முன்னால் தள்ளினார். 

அதன்பிறகு சிஸ்டரிடம் ஒரு பழக்கம் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. குழந்தை பிறந்ததும் வெளியே வந்து சொல்கிறவர், இப்போது சொல்வதில்லை. துடைத்துத் துணியில் சுற்றி, கையில் ஏந்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். கண் மணிக்கட்டில் இருக்கும். வெளியே சொந்தக்காரர்கள் என்னமோ ஏதோ என்று முனகத் தொடங்குவார்கள். ஏழு நிமிடம் முடிந்த பிறகுதான் கதவு திறக்கும். அந்த நேரத்தில் குழந்தைகளும் அழுவதில்லை. இதை நான் மிகைப்படுத்தவில்லை. மருந்து அறையில் இருந்தபடி காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன், தண்ணீர் சொட்டும் சத்தம்கூட இருக்காது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏன் சிஸ்டர் நிக்கறீங்க?" என்று கேட்டேன். திரும்பாமலே, "இன்னும் ஏழு நிமிஷம் கீது தம்பி. வரவேண்டியது வந்து சேரட்டும்" என்றார். கடிகாரம் காட்டிய நேரம் நிஜமாகவே வந்து சேரும்வரை நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு மருந்து அறைக்குத் திரும்பினேன். அடுத்த வருடம் நான் அந்த வேலையை விட்டுவிட்டுப் போளூரில் கடை வைத்தேன். சிஸ்டர் ஓய்வுபெற்று ஆலங்காயத்தில் இருந்து, ஆறு வருடங்களுக்கு முன் இறந்துபோனார். தகவல் தாமதமாகத்தான் வந்தது, நான் போகவில்லை.

அந்த மூன்று குழந்தைகளையும் நான் மறந்தே போனேன். இந்த மாசி மாதம், ஜமுனாமரத்தூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். பழைய பழக்கம், உட்காரவைத்துப் பேசினேன். மகளைப் பற்றிச் சொல்லி அழுகிற நிலையில் இருந்தார். வேலூரில் வேலை பார்க்கிறாள், கூட வேலை பார்க்கும் பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. ஒரே சாதி, நல்ல குடும்பம், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் பெண்ணுக்கு ஆயில்யம் நாலாம் பாதம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஊர் உலகமே சொல்லும். பையனின் அம்மா முடியவே முடியாது என்று நிற்கிறார். "பொறந்தது பதினொண்ணு முப்பத்திரண்டு. ஜோசியர் இன்னா சொல்றாருன்னா, மூணு நிமிஷம் தள்ளிப் பொறந்திருந்தா மகமாம். மகம் ஜகத்தை ஆளும்பாங்க. எம்பொண்ணு தலையெழுத்து பாருங்க, மூணு நிமிஷத்துல போச்சி" என்றார். நான் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டேன். அன்று பதிவேட்டில் சிஸ்டர் விரல் வைத்துக் காட்டிய நேரம் அது, அந்தப் புதன்கிழமைக் குழந்தை அவருடையது.

அன்றே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னை அடிக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சீட்டில் உள்ளதோடு ஏழு நிமிடம் கூட்டினால் பதினொன்று முப்பத்தொன்பது. மகம். என் அவசரத்தால் விழுந்த முடிச்சை என் வாயாலேயே அவிழ்க்க ஒரு வாய்ப்பு கிடைத்ததே என்று அன்று எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது.

பத்து நாள் கழித்துப் பையனின் அம்மா கடைக்கே வந்தார். ஐம்பத்திரண்டு வயது, ஆரோக்கியமான உடம்பு, போளூர் பக்கத்தில் கழனி வைத்துப் பாடுபடுகிறவர். ஒளிவு மறைவில்லாத பேச்சு. "எனக்கு சாவ பயம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா பேரப்புள்ளய பாக்காம போவக் கூடாது பாருங்க. ஜோசியர் சொல்றது வேணாம், சம்பந்தி சொல்றது வேணாம். உங்க வாயால சொல்லுங்க. ஆயில்யமா, மகமா?" என்றார்.

"மகம்தாங்க. ஏழு நிமிஷம். அதுல ஒரு விநாடி மாறாது."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரங்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே நேரம் காட்டின. "இத்தினி வாட்ச் வச்சிருக்கறவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வாய்விட்டுச் சிரித்தார். போகும்போது, "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடணும்" என்று கட்டளை போட்டார். வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் என் இலைக்கு அவரே இரண்டாம் முறை பாயசம் ஊற்றினார். மணமேடையில் இருந்த பெண்ணுக்கு, "இவர் இல்லன்னா நீ இல்ல" என்று என்னைக் கைகாட்டிச் சொன்னார்.

ஆடி பிறந்து சில நாளில் அந்த அம்மா இறந்துபோனார். காலையில் கழனிக்குப் போய்விட்டு வந்து, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்து, மருமகளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் சொம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனபோது வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. யாரும் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகத்துக்காரி அல்லவா, அவளால் எப்படி ஆகும்? வயசாகலையே, வியாதி இல்லையே, நேரம் வந்துவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். நாள் நட்சத்திரம் பார்ப்பதற்காகப் பங்காளி ஒருவர், "உயிர் போனப்போ மணி இன்னாம்மா?" என்று அவளைக் கேட்டார். "செல்லுல பார்த்தேன் மாமா. பதினொண்ணு முப்பத்திரண்டு" என்றாள். சொல்லிவிட்டுக் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள்.  தற்செயல்தான். தினமும் அந்த நிமிடம் வருகிறது, எங்காவது யாராவது அதில் செத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பஸ்ஸில் திரும்பும்போது இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் அவள் கடைக்கு வந்தாள். பட்டப்பகல், தெருவில் கூட்டம், டீக்கடையில் பாட்டுச் சத்தம். மெலிந்திருந்தாள். வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் நடத்துகிறார்கள் என்றாள். அதுதான் தனக்குத் தாங்கவில்லை என்றாள். "அத்தை என்னை நம்பி கட்டி வச்சாங்க அங்கிள். இல்ல, உங்கள நம்பி." நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜம் சொல்லுங்க. நீங்க அந்த வாட்ச்ல முள்ளத் திருப்பறப்போ, உள்ள நான் அழுதுனு இருந்தேனா?"

"இல்லம்மா" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். சிஸ்டரிடமும் அப்படித்தான், அவர் கேட்டு முடிப்பதற்குள் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

காலையில்தான் என்று அன்று சிஸ்டரிடம் ஏன் சொன்னேன்? தெரிந்து சொன்னேனா, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னேனா? கட்டுரையை முடிக்க உட்காரும்போதெல்லாம் அந்த ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். பனி, ஈரமான ஜன்னல் கட்டை, விரலில் சிக்கிய திருகு எல்லாம் சரியாக இருக்கின்றன. சிஸ்டர் கை கழுவப் போனது பிரசவத்துக்கு முன்னாலா, பின்னாலா என்பதுதான் பிடிபடவில்லை. பின்னால் என்றால் சிஸ்டர் கழித்து எழுதிய பதினொன்று முப்பத்திரண்டே சரி, அவள் ஆயில்யம்தான். அவள் வந்து போன பிறகு, முள்ளைத் திருப்பும் அந்த இடத்தில், பக்கத்து அறையிலிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை கேட்கிறது. அவள் கேட்டதால் நானே கற்பனை செய்துகொண்டதாக இருக்கலாம். வேறொரு நாளின் அழுகை இந்த நினைவில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தினமும் சாமியை வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அது புதன்கிழமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புதன்கிழமை அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு குழந்தைதான்.